800 டன் தங்கமும் காலித் தொட்டில்களும்

ரொம்ப நாளா மனசுக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருந்த விஷயம். போன வாரம் ஆபீஸ் சாப்பாட்டு மேசையில நடந்த ஒரு சண்டை எழுத வச்சிருச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

சண்டை என்னவோ வழக்கமானதுதான். ரோடு சரியில்ல, ஆஸ்பத்திரி சரியில்லன்னு ஆரம்பிச்சு, தயிர் சாதத்துக்கு வரும்போது நண்பர் ஒருத்தர் தீர்ப்பு சொல்லிட்டார். "எலெக்‌ஷன், கட்சி, கோர்ட்டு இதெல்லாம் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் உருப்படாது பாஸ். கறாரா ஒரே ஒருத்தன் கையில இருபது வருஷம் குடுத்துப் பாருங்க. கணக்கு வழக்கு சுத்தமா வச்சு நாட்டைத் தூக்கி நிறுத்திருவான்." மேசையில நாலு பேர் தலையாட்டினாங்க. நம்ம பதிவுலகத்துலயும் இதே வசனத்தை மாசத்துக்கு ரெண்டு தடவையாவது படிக்கிறோம். பின்னூட்டத்துல "வழிமொழிகிறேன்" போடறதுக்கும் ஆள் குறைவில்லை.

சரி, அந்தப் பரீட்சையை நிஜமாவே எழுதின ஒரு நாடு இருக்கு. இருபது வருஷம் இல்ல, நாற்பத்தெட்டு வருஷம். விடைத்தாளும் திருத்தி முடிச்சாச்சு. அதைத்தான் இங்க விரிக்கப் போறேன்.

நாடு, போர்ச்சுகல்.

நமக்கு ரொம்பத் தூரத்து சொந்தம் இல்ல. வீட்டுல இருக்கிற ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாமே அவங்க விட்டுட்டுப் போன வார்த்தைங்கதான். கோவாவுல 1961 வரைக்கும் ஆண்டதும் அவங்கதான். இப்பத்திய பசங்களுக்கு ரொனால்டோ ஊருன்னு சொன்னா போதும்.

கணக்குல புலி

1926ல அங்க ராணுவப் புரட்சி. 1928ல நாட்டோட கஜானா ஓட்டையா இருக்குன்னு கோயிம்ப்ரா பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருத்தரை நிதியமைச்சரா கூட்டிட்டு வந்தாங்க. பேரு அன்டோனியோ சலாசர். வந்த உடனே பட்ஜெட்டை நேராக்கினார். 1932ல பிரதமர் ஆனார். 1968 வரைக்கும் அவர்தான். ஆடம்பரம் கிடையாது, குடும்பம் கிடையாது, காசு அடிச்சார்னு யாரும் சொன்னதில்ல. நம்ம சாப்பாட்டு மேசை நண்பர் கேட்ட அதே அச்சு.

1968ல நாற்காலியிலேருந்து விழுந்து மண்டையில அடிபட்டுத்தான் பதவி போச்சு. (உவமை இல்லீங்க, நிஜமாவே நாற்காலி.) 1970ல சாகிற வரைக்கும் தான் இன்னும் பிரதமர்னே நினைச்சுக்கிட்டிருந்தார்னும், சுத்தி இருந்தவங்க அந்த நாடகத்தை நடத்திக்கிட்டே இருந்தாங்கன்னும் சொல்வாங்க. அவருக்கு அப்புறம் கேட்டானோன்னு ஒருத்தர். 1974 ஏப்ரல் 25ல இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்தாங்க. துப்பாக்கிக் குழாயில கார்னேஷன் பூ சொருகின அந்த போட்டோவைப் பார்த்திருப்பீங்க.

அன்னைக்கு போர்ச்சுகல் மத்திய வங்கியில இருந்த தங்கம் 800 டன்னுக்கு மேல. நம்ம ஆளுங்க இந்த இடத்துல விசிலடிப்பாங்க. கொஞ்சம் பொறுங்க, இன்னொரு கணக்கும் இருக்கு.

1960ஐ எடுத்துக்குவோம். அந்த வருஷம் போர்ச்சுகல்ல பிறந்த குழந்தைங்க சுமார் 2 லட்சத்து 14 ஆயிரம். அதுல முதல் பிறந்தநாளைப் பார்க்காம செத்துப்போனது 16 ஆயிரத்துக்கும் மேல. ஆயிரத்துக்கு 77.5. மேற்கு ஐரோப்பாவிலேயே மோசமான எண்ணிக்கை அதுதான். அதே வருஷம் ஸ்வீடன்ல ஆயிரத்துக்கு 17ஐ விடக் குறைவு. அமெரிக்காவுல 26.

தங்கம் லாக்கர்ல பத்திரமா இருந்துச்சு. தொட்டில் காலியா இருந்துச்சு.

காசு இல்லாத நாடு இல்ல அது. 1961லேருந்து அங்கோலா, அப்புறம் கினி, மொசாம்பிக்னு மூணு இடத்துல காலனியைக் காப்பாத்த சண்டை போட்டாங்க, பதிமூணு வருஷம். அதுக்குக் காசு இருந்துச்சு. மருத்துவச்சிக்குத்தான் இல்ல. 1960ல அஞ்சு பிரசவத்துல நாலு வீட்டுலதான் நடந்துச்சு. 1970 வாக்குல கூட நாலு பேர்ல ஒருத்தருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராமத்துல செத்துப்போற பச்சைக் குழந்தையை 'குட்டி தேவதை'ன்னு சொல்லி வெள்ளைப் பெட்டியில வச்சுப் புதைக்கிற வழக்கம். சாமிகிட்ட போயிருச்சு, அழாதேன்னு தேத்துறது. பத்திரிகைக்கு தணிக்கை இருந்ததால ஏன் இத்தனை பெட்டின்னு கேக்கவும் முடியாது.

"ஆனா அவர் காலத்துலயும் குறைஞ்சுதே?"

இந்தக் கேள்வி பின்னூட்டத்துல கண்டிப்பா வரும்னு தெரியும். அதனால நானே கேட்டுக்கறேன். நியாயமான கேள்விதான்.

ஆமா, குறைஞ்சுது. 1960ல 77.5. 1970ல 55.5. 1974ல சுமார் 38. பதினாலு வருஷத்துல பாதி. இதை மறைச்சுட்டு வாதம் பண்ணினா நானும் அந்த மேசை நண்பரும் ஒண்ணுதான். 1965ல தேசியத் தடுப்பூசித் திட்டம் வந்துச்சு. அறுபதுகள்ல பொருளாதாரம் நல்லாவே வளர்ந்துச்சு. லட்சக்கணக்கான பேர் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் வேலைக்குப் போய் வீட்டுக்குக் காசு அனுப்பினாங்க. 1971ல சுகாதாரத் துறையில உருப்படியான ஒரு சீர்திருத்தமும் நடந்துச்சு.

ஆனா ஒரு எண்ணை அப்படியே நம்பாம பிரிச்சுப் பார்க்கணும்னு எங்க தொழில்ல முதல் நாளே சொல்லிக் குடுப்பாங்க. சராசரி ரெஸ்பான்ஸ் டைம் நல்லா இருக்குன்னு மேனேஜர் கைதட்டுவார். உள்ள போய்ப் பார்த்தா ஒரு சர்வர் செத்துக் கிடக்கும். அந்த மாதிரி.

சிசு மரண விகிதம்கிறது முதல் ஒரு வருஷத்துக்கான கணக்கு. அதுக்குள்ள ரெண்டு கணக்கு ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, பிறந்த 28 நாளுக்குள்ள சாகிற பச்சிளங்குழந்தைங்க. இன்னொண்ணு, 28 நாளைத் தாண்டி ஒரு வருஷத்துக்குள்ள சாகிறவங்க.

இப்பப் பிரிச்சுப் பாருங்க. 1960லேருந்து 1970க்குள்ள மொத்த விகிதம் 22 புள்ளி குறைஞ்சுது. அதுல 28 நாளுக்குள்ள நடக்கிற சாவு எவ்வளவு குறைஞ்சுது? சுமார் 28லேருந்து சுமார் 25. அவ்வளவுதான். பத்து வருஷத்துல மூணு புள்ளி.

மிச்சம் 19ம் பெரிய குழந்தைங்க கணக்குல குறைஞ்சது. அதுவும் நல்ல விஷயம்தான். வீட்டுல காசு வந்தா பால் வாங்குவாங்க, நல்ல தண்ணி குடிப்பாங்க, வயித்துப்போக்கு குறையும், தடுப்பூசி வேலை செய்யும். ஆறு மாசக் குழந்தை பிழைச்சுக்கும். வளர்ச்சி அந்த வேலையை ஓரளவு தானா செய்யும்.

ஆனா பிறந்து ஆறு மணி நேரம் ஆன குழந்தைக்கு, அப்பா பிரான்ஸ்லேருந்து அனுப்பின மணியார்டர் ஒண்ணும் பண்ணாது. அது சாகிறது குறைமாசத்துல பிறந்ததால, மூச்சு விடாததால, உடம்பு குளிர்ந்துபோனதால, பிரசவத்தப்போ தொத்தின கிருமியால. அதுக்கு வேண்டியது அந்த நிமிஷத்துல பக்கத்துல நிக்கிற ஒரு தேர்ந்த கை. அந்தக் கையை அங்க நிறுத்தி வைக்கிறது தனி மனுஷன் காசுல நடக்கிற காரியம் இல்ல. ஒரு ஏற்பாடு வேணும்.

கறாரான அந்த ஆட்சி செய்யாம விட்டது அந்த ஏற்பாட்டைத்தான்.

திவாலான பத்து வருஷம்

இனிமேதான் கதையே.

1974க்கு அப்புறம் போர்ச்சுகல் நிலைமை எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? குழப்பம்னா குழப்பம். ரெண்டு வருஷத்துல ஆறு தற்காலிக அரசு. காலனி எல்லாம் கையை விட்டுப் போய், ஆப்பிரிக்காவிலேருந்து அஞ்சு லட்சம் பேருக்கு மேல மூட்டை முடிச்சோட திரும்பி வந்தாங்க. 1977ல சர்வதேச நிதியத்துகிட்ட கை நீட்ட வேண்டியதாச்சு. 1983ல மறுபடியும். சலாசர் உயிரோட இருந்திருந்தா அந்த பட்ஜெட்டைப் பார்த்தே இன்னொரு தடவை நாற்காலியிலேருந்து விழுந்திருப்பார்.

இப்ப அந்தப் பத்து வருஷத்துக் கணக்கு. 1974ல சுமார் 38. 1985ல 17.8. பாதிக்கும் கீழ.

28 நாள் கணக்கு? 1970ல 25ஆ இருந்தது 1980ல 15 சொச்சம். 1990ல 7. 2000ல 3.4. 2010ல 1.7. ஒவ்வொரு பத்து வருஷத்துக்கும் பாதி, அதுல பாதி, அதுலயும் பாதி. சுலபமா தடுக்கக்கூடிய சாவை முதல்ல தடுத்துட்டா மிச்சம் இருக்கிறதெல்லாம் கஷ்டமானது, வேகம் குறையணும். இங்க குறையவே இல்ல.

என்ன பண்ணினாங்க? மந்திரம் ஒண்ணும் இல்ல. படிச்சா கொட்டாவி வர்ற மாதிரி வேலைங்கதான்.

1975லேருந்து, புதுசா டாக்டர் பட்டம் வாங்கின பசங்களை ஒரு வருஷம் உள்நாட்டுக் கிராமங்களுக்கு அனுப்பினாங்க. அதுவரைக்கும் டாக்டரையே பார்க்காத ஊருங்க அதுல நிறைய. 1976ல சுகாதார மையங்கள்ல குடும்பக் கட்டுப்பாடு ஆலோசனை ஆரம்பிச்சாங்க. அதுக்குக் காரணமா இருந்தவர் அல்பினோ அரோசோன்னு ஒரு மகப்பேறு மருத்துவர். அடுத்தடுத்து இடைவெளி இல்லாம பிறக்கிற குழந்தைங்க எண்ணிக்கை குறைஞ்சாலே பாதி ஆபத்து குறையும். அதே 1976ல வந்த அரசியல் சட்டம் மருத்துவத்தை ஒவ்வொருத்தருக்கும் உரிமைன்னு எழுதி வச்சுது. 1979ல தேசிய சுகாதார சேவைச் சட்டம். அதைக் கொண்டுவந்த அன்டோனியோ அர்னாட் ஒரு வக்கீல், கவிதையும் எழுதுவார். அதே 1979ல பிறந்த குழந்தை குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நோய் கண்டுபிடிக்கிற பரிசோதனை ஆரம்பமாச்சு. எண்பதுகளோட நடுவுல கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில.

நல்லா கவனிங்க. இதெல்லாம் சண்டை இல்லாம நடக்கல. 1979 சட்டத்தை எதிர்த்து வலதுசாரிக் கட்சிங்க ஓட்டுப் போட்டாங்க. 1982ல அவங்க ஆட்சியில இருந்தப்போ அந்தச் சட்டத்தோட பெரும்பகுதியை ரத்து பண்ணினாங்க. 1984ல அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த ரத்து செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு.

சாப்பாட்டு மேசை நண்பர் "இதெல்லாம் இருக்கிற வரைக்கும் உருப்படாது"ன்னு சொன்ன பட்டியல்ல கோர்ட்டு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? :-)

மூடினதால பிழைச்ச குழந்தைங்க

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி எண்பதுகளோட கடைசி. ஏன்னா அது எங்க தொழிலுக்கு அப்படியே பொருந்துது.

ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்தா மட்டும் போதாதுன்னு அப்ப புரிஞ்சுது. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன பிரசவ வார்டு இருந்துச்சு. நாளைக்கு ஒரு பிரசவம், சில இடத்துல அதுகூட இல்ல. அந்த வார்டுல இருக்கிற டாக்டர் நல்லவர்தான், நர்ஸும் கெட்டிக்காரிதான். ஆனா மூச்சு விடாம நீலமா பிறக்கிற குழந்தையை அவங்க வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் பார்ப்பாங்க. கை பழகாது. ராத்திரி ரெண்டு மணிக்கு மயக்க மருந்து குடுக்கிறவர் வீட்டுல தூங்குவார். குழந்தை டாக்டர் அடுத்த டவுன்ல இருப்பார். மூச்சு விடாத குழந்தைக்கு இருக்கிறது சில நிமிஷம்தான்.

அப்ப சுகாதார அமைச்சரா இருந்தவர் லியோனோர் பெலேசா. அவர் அந்த 1979 சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்ட கட்சியைச் சேர்ந்தவர். இதுக்கான குழுவுக்குத் தலைவர், மேல சொன்ன அதே அரோசோ. அவரும் அதே கட்சிதான். எதிர்த்த சட்டமா இருந்தாலும் அது உருவாக்கின அமைப்பை இடிக்காம, அது மேலயே அடுத்த மாடியைக் கட்டினாங்க.

1989ல வந்த திட்டம் இதுதான். வருஷத்துக்கு 1500 பிரசவத்துக்குக் குறைவா நடக்கிற வார்டுகளை மூடணும். 1500ன்னா நாளைக்கு நாலு. கை பழகவும், இருபத்திநாலு மணி நேரமும் முழு டீமை நிறுத்தி வைக்கவும் அவ்வளவாவது வேணும். அடுத்து, ஆஸ்பத்திரிகளை ரெண்டு நிலையாப் பிரிச்சாங்க. சாதாரணப் பிரசவத்துக்கு ஒண்ணு, சிக்கலுக்கும் குறைமாசக் குழந்தைக்கும் இன்னொண்ணு. கீழ சுகாதார மையம். எல்-1, எல்-2, எல்-3 சப்போர்ட்னு வச்சுக்குங்க. எந்தக் கேஸை யார் யாருக்கு எஸ்கலேட் பண்ணணும்னு எழுதி வச்சு, மையத்தையும் ஆஸ்பத்திரியையும் கோத்துவிட தனிக் குழுக்களும் போட்டாங்க. பச்சிளங்குழந்தைக்குன்னே தனி ஆம்புலன்ஸ் ஏற்பாடு.

ஆனா அதைவிட முக்கியம், குழந்தையை ஆம்புலன்ஸ்ல ஏத்தற நிலைமையே வராம பார்த்துக்கிட்டாங்க. குறைமாசத்துல வலி வருதுன்னா பிறந்ததுக்கு அப்புறம் அனுப்பறதில்ல. வயித்துல இருக்கும்போதே அம்மாவை அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். உலகத்துலயே சிறந்த இன்குபேட்டர் அம்மா வயிறுதான். போய்ச் சேர்ந்ததும் குழந்தையோட நுரையீரல் சீக்கிரம் பக்குவமாக அம்மாவுக்கே ஊசி போடலாம். மலிவான மருந்துதான். ஆனா அது எப்ப, எங்க, யாருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஏற்பாடு பின்னாடி இருக்கணும்.

உங்க ஊர்ல இருக்கிற பிரசவ வார்டை மூடறேன்னு சொல்லி எந்தக் கட்சியாவது ஓட்டுக் கேக்குமா? 2006ல, மிச்சம் இருந்த சின்ன வார்டுகளை மூட அமைச்சர் கொரெயா தெ காம்போஸ் கிளம்பினப்போ ஊர் ஊரா மறியல். எல்லையோரத்து எல்வாஸ் ஊர்ல வார்டை மூடினதும் அந்த ஊர்ப் பெண்கள் எல்லையைத் தாண்டி ஸ்பெயின்ல இருக்கிற படஹோஸுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டிய நிலை. எங்க பிள்ளைங்க ஸ்பெயின்காரனா பிறக்கணுமான்னு கோபம். அந்தக் கோபமும் நியாயம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். 2008 ஜனவரியில அமைச்சர் பதவியும் போச்சு. ஆனா விளக்கம் சொன்னார், திட்டு வாங்கினார், விலை குடுத்தார். கறாரான தலைவருக்கும் இந்த மனுஷனுக்கும் எனக்குத் தெரியற வித்தியாசம் அதுதான்.

எங்க வீட்டுக் கணக்கு

இதை எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்.

எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு ஒரு பொண்ணு பிறந்துச்சு. 1994ல, எட்டாம் மாசத்துல. மூணு நாள் இருந்துச்சாம். பேர் வைக்கல. ஆச்சி அதைப் பத்திப் பேச்சு வந்தா, "அது வாங்கிட்டு வந்த வரம் அவ்வளவுதான்யா"ன்னு முடிச்சிருவாங்க. குட்டி தேவதைன்னு சொன்னாங்களே, அதே வார்த்தைதான், வேற பாஷையில. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு யாராவது கேட்டா அம்மா "ரெண்டு"ன்னுதான் சொல்லும். சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்கும். அந்த ஒரு நொடி எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து தெரியும்.

அம்மாவுக்கு வலி வந்தது சாயங்காலம். உள்ளூர் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. குழந்தை பிறந்ததுக்கு மறுநாள்தான் பெரிய ஊருக்குக் கொண்டுபோங்கன்னாங்க. அப்பா கார் பிடிச்சு, துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டுப் போனார். யார் மேலயும் கோபப்பட எனக்குத் தெரியல. அங்க இருந்தவங்க கெட்டவங்க இல்ல. முந்தின நாளே, வயித்துல இருக்கும்போதே அனுப்பணும்னு சொல்ல அவங்களுக்கு ஒரு ஏற்பாடு இல்ல, அவ்வளவுதான்.

அதே 1994ல போர்ச்சுகல்ல ஒரு கிராமத்துல எட்டாம் மாசம் வலி வந்த அம்மாவை எங்க அனுப்பணும்னு எழுதி வச்சு அஞ்சு வருஷம் ஆகியிருந்துச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி மேற்கு ஐரோப்பாவிலேயே கடைசி இடத்துல இருந்த நாடு அது. ஆகையால விதி, வரம், தேவதைன்னு யாராவது சொன்னா எனக்கு இப்ப அந்த 25, 15, 7, 3.4, 1.7தான் கண்ணு முன்னாடி வருது. விதி இப்படிப் பாதி பாதியா குறையாது.

இன்னிக்கு

இப்ப நிலைமை என்னன்னு சொல்லாம விட்டா பதிவு முழுசாகாது.

2023ல போர்ச்சுகல்ல சிசு மரணம் ஆயிரத்துக்கு 2.5. ஐரோப்பிய ஒன்றியத்தோட சராசரியைவிடக் கம்மி. 1960ல போர்ச்சுகலைவிட மூணு மடங்கு மேலா இருந்த அமெரிக்கா 2022ல 5.6. கணக்கெடுக்கிற முறையில நாட்டுக்கு நாடு கொஞ்சம் வித்தியாசம் உண்டு, அதைக் கழிச்சாலும் திசை தெளிவு. தலைக்கு வருமானத்துல அமெரிக்கா எத்தனை மடங்குன்னு உங்களுக்கே தெரியும். அதனால "பணக்கார நாடுப்பா, அதான்"கிற சமாதானமும் செல்லாது.

ஆனா 2024ல அது 3.0 ஆச்சு. வருஷத்துக்கு சுமார் 85 ஆயிரம் பிறப்புதான் இருக்கிற நாட்டுல சின்ன ஏத்த இறக்கம் சகஜம். 2018ல கூட 3.3க்குப் போயி, 2020ல 2.4க்கு வந்துச்சு. ஒரு வருஷத்தை வச்சு ஊளையிடக் கூடாது. ஆனாலும் கவலைப்படக் காரணம் இருக்கு. அரசு ஆஸ்பத்திரியில மகப்பேறு மருத்துவர்கள் பத்தாம, 2022 கோடையிலேருந்து பிரசவ அவசர சிகிச்சைப் பிரிவுகளை முறை போட்டு மூடற நிலை. தூரம் அதிகமானாலும் பரவாயில்ல, போற இடத்துல முழு டீம் இருக்கும்கிறதுதான் 1989 ஒப்பந்தம். போற இடமும் பூட்டியிருந்தா அந்த ஒப்பந்தம் உடைஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.

2022 ஆகஸ்ட்ல நடந்தது நம்ம ஊர் பேப்பர்லயும் வந்துச்சு. சுற்றுலா போன ஒரு இந்தியப் பெண், ஏழாம் மாசத்தைத் தாண்டின கர்ப்பிணி. லிஸ்பன்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில பச்சிளங்குழந்தைப் பிரிவுல இடம் இல்லைன்னு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாத்தினாங்க. வழியில இதயம் நின்னுபோச்சு. அவசர ஆபரேஷன் பண்ணிக் குழந்தையை எடுத்தாங்க. அம்மா இறந்துட்டாங்க. சில நாள்ல சுகாதார அமைச்சர் மார்த்தா தெமிடோ ராஜினாமா.

1960ல 16 ஆயிரம் குழந்தை. இன்னிக்கு இருக்கிற விகிதம் அன்னைக்கு இருந்திருந்தா அது 700ஐக் கூடத் தாண்டியிருக்காது. யாரும் ராஜினாமா பண்ணல. பேப்பர்ல தலையங்கம் வரல. 2022ல ஒரு அம்மா, அதுவும் வெளிநாட்டுக்காரி. நாடே பேசுது, அமைச்சர் வீட்டுக்குப் போறார்.

கறாரான ஆள் வேணும்னு கேக்கிறவங்க தயவுசெய்து இந்த ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிங்க.

கடைசியா ஒரு வேதனையான காமெடி. 2007ல போர்ச்சுகல் அரசுத் தொலைக்காட்சி, வரலாற்றிலேயே தலைசிறந்த போர்ச்சுகீசியர் யார்னு நேயர் ஓட்டெடுப்பு நடத்துச்சு. வாஸ்கோட காமா எல்லாம் இருந்த பட்டியல்ல 41 சதவீதம் வாங்கி ஜெயிச்சது யாரு? சலாசரேதான். போன் பண்ணி ஓட்டுப் போட்டவங்கள்ல பாதிப் பேரு, பழைய கணக்குத் தொடர்ந்திருந்தா, பிறந்திருப்பாங்க, போன் பிடிக்கிற வயசு வரைக்கும் இருந்திருப்பாங்களாங்கறதுதான் சந்தேகம். (சரி, பாதிங்கறது கோபத்துல சொன்னது. கணக்குப் புலிங்க மன்னிக்கவும்.)

அரோசோவுக்கும் அர்னாட்டுக்கும் சிலை வச்சாலும் வைக்காட்டியும், அந்தப் பசங்க ஸ்கூலுக்குப் போறாங்க.

அடுத்த தடவை சாப்பாட்டு மேசையில அந்த வசனம் வரும்போது நான் கேக்கப் போறது ஒரே கேள்வி. "பாஸ், உங்க ஆளு ஆட்சியில ராத்திரி ரெண்டு மணிக்கு எட்டாம் மாசம் வலி வந்தா, அந்த அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு எழுதி வச்சிருக்கீங்களா? இல்லைன்னா அதை யார்கிட்ட கேக்கறது? கேட்டா உள்ள போடுவாங்களா, மாட்டாங்களா?"

பதில் வந்தா இங்க வந்து சொல்றேன்.

பி.கு: அம்மா இந்தப் பதிவைப் படிக்க மாட்டாங்க. படிச்சுக் காட்டலாமான்னு இன்னும் முடிவு பண்ணல.